1918இல் விட்டுப்போன பாடம்



வகுப்பில் முதல் உலகப்போர் நடத்தும்போது 1918ஆம் ஆண்டு இன்ஃப்ளுயன்சாவை இரண்டு வரியில் முடித்துவிடுவேன். அன்று விட்டதை இன்று நடத்துகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம். 1918 செப்டம்பர் 28 அன்று போர்க்கடன் பத்திரம் விற்பதற்காக நடந்த ஊர்வலத்தில் ஏறக்குறைய 2 லட்சம் பேர் கூடினார்கள். நோய் அதற்கு முன்பே ஊருக்குள் வந்திருந்தது. சில நாட்களில் மருத்துவமனைகள் நிரம்பின. டாக்டர்களும் நர்சுகளும் பலர் போருக்குப் போயிருந்தார்கள். அதனால் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவ வகுப்புகளை நிறுத்தி, மேல் வகுப்பு மாணவர்களை வார்டுக்கு அனுப்பினார்கள்.

அவர்களில் ஒருவர் ஐசக் ஸ்டார். மூன்றாம் ஆண்டு மாணவர். இன்ஃப்ளுயன்சா பற்றி ஒரே ஒரு விரிவுரை கேட்டார், உடனே வேலை. அவசரமாகத் திறந்த மருத்துவமனையில் மாலை 4 மணி முதல் நள்ளிரவு வரை நர்ஸ் வேலை பார்த்தார். மூச்சுத் திணறி, உடல் நீலம் பாரித்துக் கிடந்தவர்களைக் காப்பாற்ற அன்று மருந்தே கிடையாது. வேலை முடிந்து காரில் வீட்டுக்குப் போகும்போது தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும். சில வாரங்களில் அந்த ஊரில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஸ்டார் பிற்காலத்தில் இதய ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். 1957இல் லாஸ்கர் விருது வாங்கினார். 1918 பற்றிய தன் நினைவுகளை ஒரு மருத்துவ இதழில் எழுதியது 1976இல், 81 வயதில். 58 வருடம் கழிந்தும் அந்த வார்டு அவருக்கு மறக்கவில்லை.

நம் நாட்டிலும் இதுதான் நடந்தது. 2021 மே 3 அன்று மத்திய அரசு நீட் முதுநிலைத் தேர்வைத் தள்ளிவைத்து, ஹவுஸ் சர்ஜன்களைக் கொரோனா பணியில் சேர்க்க முடிவெடுத்தது. இறுதியாண்டு மாணவர்களையும் தொலைபேசி ஆலோசனைக்குப் பயன்படுத்தலாம் என்றது.

என் பழைய மாணவி ஒருத்தி அப்போது ஹவுஸ் சர்ஜன். அந்த மாதம் அவளுக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் தெரிந்தவர்களுக்குப் படுக்கை கேட்டுத்தான். "பார்க்கிறேன் சார்" என்றாள். நீ எப்படிம்மா இருக்கே என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை.

போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். பேச்சுவாக்கில் சொன்னாள்: "ராத்திரி போன் அடிச்சா இப்பவும் கை நடுங்குது சார். அப்ப நோயாளிங்க வீட்டுக்குப் போன் பண்ணி, இறந்துட்டாங்கன்னு சொன்னது நான்தானே." எனக்குப் பேச வரவில்லை. பெயர் போடாமல் எழுதச் சொன்னதும் அவள்தான்.

இது கோழைத்தனம் இல்லை. காயம். காயத்துக்கு வைத்தியம் உண்டு. மனநல மருத்துவரைப் பார்க்கலாம். அரசின் டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

நம் வீடுகளில் அந்த வருடங்களில் மருத்துவம் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். இந்த வாரம் ஒரு போன் செய்யுங்கள். பகல் நேரத்தில் செய்யுங்கள். உதவி எதுவும் கேட்காமல், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று மட்டும் கேளுங்கள். நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட பாடம் இது.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்