ஒரே மாதிரி வீடுகள், வேறு வேறு பில்கள்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்க்குத் தடை போட்டதும் அமெரிக்கா திணறியது. பெட்ரோல் பங்க்குகளில் நின்ற கார் வரிசைகள்தான் படங்களில் வந்தன. ஆனால் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கவும் எரிபொருள் வேண்டுமே! ஒரு வீடு எவ்வளவு தின்கிறது என்ற கேள்வி அப்போதுதான் சூடுபிடித்தது.

நியூ ஜெர்சியில் ட்வின் ரிவர்ஸ் என்றொரு குடியிருப்பு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் சாகலோ குழு, தடைக்கு முன்பே, 1972-ல் அங்கே ஆய்வைத் தொடங்கிவிட்டது. வரிசை வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரே வரைபடம், ஒரே மாதிரி கேஸ் உலை. அப்படியென்றால் பில்லும் ஒரே மாதிரி வர வேண்டும் அல்லவா? வரவில்லை. ஒரு வீடு இன்னொரு வீட்டைப் போல இரண்டு மடங்கு எரித்தது!

வீட்டின் கோளாறா, ஆட்களின் பழக்கமா? ராபர்ட் சொண்டெரெகர் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். குடும்பம் மாறிய வீடுகளையும் மாறாத வீடுகளையும் ஒப்பிட்டார். பழைய குடும்பமே இருந்த இடத்தில் பில் பழையபடியே இருந்தது. ஆள் மாறிய இடத்தில் பில்லும் பெரும்பாலும் மாறிப்போனது.

அதற்காக வீடு யோக்கியம் என்று சொல்லிவிட முடியாது. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே இருந்த பரண், கணக்குப்படி இருக்க வேண்டியதைவிடச் சூடாக இருந்தது. ஜான் பெயா, கௌதம் தத் முதலானோர் தேடியபோது, உலையின் புகைக்குழாயைச் சுற்றியிருந்த சந்து வழியாகச் சூடான காற்று மேலே ஓடுவது தெரிந்தது. பாடப்புத்தகச் சூத்திரத்தில் இந்தச் சந்துக்கு இடமே இல்லை. பட்ஜெட்டில் வராத செலவு மாதிரி! ஃபிராங்க் சிண்டன் ஒரே ஒரு வீட்டை எடுத்து ஓட்டைகளை அடைத்து, ஜன்னல்களையும் பரணையும் சரிசெய்தார். சூடாக்கும் செலவில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது.

பிறகு அளக்கும் முறைகள் வளர்ந்தன. வாசலில் பெரிய மின்விசிறியைப் பொருத்திக் காற்றுக் கசிவை அளந்தார்கள். மார்கரெட் ஃபெல்ஸ், கேஸ் பில்லையும் வெளி வெப்பநிலையையும் சேர்த்து வைத்தே வீட்டை எடைபோடும் 'பிரிஸம்' முறையை உருவாக்கினார்.

2002-ல் ஐரோப்பிய ஒன்றியம், வீட்டை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் ஆற்றல் சான்றிதழ் தர வேண்டும் என்று சட்டமாக்கியது. பழைய கேள்வி மறுபடி வந்தது. மதிப்பெண் யாருக்கு, வீட்டுக்கா, குடியிருப்பவருக்கா? வாங்குபவருக்கு முந்தைய ஆளின் பழக்கம் எதற்கு? அதனால் பிரிட்டனில் 2007 முதல் வீடுகளுக்குக் கணக்குப் போட்ட சான்றிதழ். பெரிய அரசுக் கட்டடங்களுக்கோ, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2008 முதல் மீட்டர் காட்டும் அளவை வைத்து வேறொரு சான்றிதழ். அதை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டிவைக்க வேண்டும்.