தமிழகத்தில் உயர் இரத்த அழுத்த மருந்து வழங்கல்: கண்டுபிடிப்பு முதல் வீட்டு வாசல் வரை

முன்னுரை

செஞ்சியை அடுத்துள்ள சிங்கவரம், அரங்கநாதர் குடைவரைக் கோயிலாலும் தேசிங்குராசன் கதையாலும் வரலாற்று மாணவர்க்கு அறிமுகமான சிற்றூர். கோட்டை, கோயில், கல்வெட்டு ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டே இவ்வட்டாரத்தின் வரலாறு பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. இத்தகைய ஊர்களின் அன்றாட வாழ்வில் இன்று நிலைபெற்றுவிட்ட ஒரு பொருள் உண்டு. மக்கள் வழக்கில் அதன் பெயர் 'பிரஷர் மாத்திரை'. இம்மருந்தின் வரலாறு ஆய்வுக்கூடக் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே சொல்லப்படுகிறது. நோயாளியைப் பொறுத்தவரை, அடுத்த மாதமும் மாத்திரை கைக்கு வருமா என்பதே முதன்மையான வினா. அவ்வினாவைக் கொண்டு தமிழகத்தின் மருந்து வழங்கல் வரலாற்றை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியால் அறியப்படும் நோய்

காய்ச்சலையும் புண்ணையும் உடலே உணர்த்திவிடும். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் அவ்வாறு உணர்த்துவதில்லை. 1896இல் இத்தாலிய மருத்துவர் ரீவா-ரோச்சி அமைத்த கைப்பட்டைக் கருவியும், 1905இல் உருசிய மருத்துவர் கொரோட்கோவ் விளக்கிய ஒலிகேட்கும் முறையும் இதனை அன்றாட மருத்துவத்தில் அளந்தறியத் துணைசெய்தன. எண்ணாக மட்டுமே தெரியவரும் நோய்க்கு நாள்தோறும் மருந்துண்ண வேண்டும் என்பது, வலி நீங்கியதும் மருந்தை நிறுத்தும் பழக்கத்திற்கு மாறானது. மருந்து தடைப்படுவதற்கான முதற் காரணம் நோயின் இவ்வியல்பிலேயே அமைந்துள்ளது.

சர்ப்பகந்தியும் பிற்கால மருந்துகளும்

இம்மருந்து வரலாற்றில் இந்தியாவின் பங்கு குறிப்பிடத்தக்கது. 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை எழுதினர். அதே ஆண்டில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் உசேன் சித்திக்கியும் அவ்வேரிலிருந்து பிரித்த வேதிப்பொருள்களைப் பற்றி அறிவித்தனர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதய ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இவ்வேரை உலக மருத்துவத்தின் கவனத்திற்குக் கொண்டுசென்றது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தனர். மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகள் பற்றிய அச்சத்தாலும் புதிய மருந்துகளின் வரவாலும் அதன் பயன்பாடு பின்னர்க் குறைந்தது.

அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடையே நிகழ்த்தப்பட்டு 1967, 1970 ஆகிய ஆண்டுகளில் வெளியான ஆய்வு முடிவுகள், மருந்தால் பக்கவாதம் முதலிய கேடுகள் குறைவதைக் காட்டின. அழுத்தத்தைக் குறைப்பதால் உயிர் காக்கப்படுகிறது என்பதற்கு வலுவான சான்று அப்போதுதான் கிட்டியது. இந்தியாவில் 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கன்றிச் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை வழங்கியது. எனவே எனாலாப்ரில், அம்லோடிபின் போன்ற மருந்துகளை உள்நாட்டு நிறுவனங்கள் குறைந்த செலவில் உருவாக்க இயன்றது.

பொதுக் கொள்முதலும் நாள்கணக்கும்

விலை குறைந்த மருந்து அரசு மருத்துவமனையில் தடையின்றிக் கிடைக்க வேறோர் அமைப்பு தேவைப்பட்டது. விழுப்புரம் மாவட்டம் உருவான மறு ஆண்டான 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. மருந்துகளை மொத்தமாக வாங்குதல், மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்புதல், மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைத்தல், ஒவ்வொரு மருத்துவ நிலையமும் பெறும் மருந்தைக் கைப்புத்தகத்தில் பதிதல் ஆகியன அதன் முறைகளாயின.

எனினும் தொடர்நோய்க்கான கணக்கு வேறானது. நாளொன்றுக்கு மூன்று வேளையாக ஐந்து நாள் உண்ணும் மருந்துக்கு 15 மாத்திரை போதும். நாளுக்கு ஒரு மாத்திரை உண்ணும் அழுத்த நோயாளிக்கு ஆண்டுக்கு 365 மாத்திரை வேண்டும். இருபது ஆண்டுகளில் அது 7,300 ஆகும். நூறு நோயாளிகள் உள்ள சிற்றூருக்கு ஆண்டுத்தேவை 36,500. வருகைப் பதிவை மட்டும் வைத்து இத்தேவையை மதிப்பிட இயலாது. யார் யார் நோயாளி என்னும் பதிவு வேண்டும். உலக வங்கியின் கடனுதவியுடன் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டம், 2007இல் விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் முன்னோட்டமாக அழுத்த நோய் கண்டறிதலைத் தொடங்கியது. 2012 முதல் அப்பணி மாநிலமெங்கும் விரிவுபடுத்தப்பட்டது.

நடக்க வேண்டியவர் யார்?

கண்டறிதலும் இருப்பும் மட்டும் போதவில்லை என்பதை 2020இல் நடைபெற்ற மாநில அளவிலான ஸ்டெப்ஸ் ஆய்வு காட்டிற்று. 18 முதல் 69 வயதுக்குட்பட்டோரில் 33.9 விழுக்காட்டினர்க்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களுள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தோர் 7.3 விழுக்காட்டினரே. மருந்து இலவசமாயினும் அதைப் பெறும் செயல் இலவசமன்று. நெல் நடவிலோ நிலக்கடலை பறிப்பிலோ ஈடுபட்டுள்ள கூலித்தொழிலாளிக்கு மருத்துவமனை செல்லும் நாள் கூலியற்ற நாள். முதியோர்க்குத் துணைக்கு ஒருவர் வேண்டும்; அவருக்கும் அன்றைய கூலி இல்லை. நோயும் துன்புறுத்தாதபோது அந்நாளைத் தள்ளிப்போடுவது அறியாமையால் மட்டும் நிகழ்வதன்று. வீட்டு வரவுசெலவும் அதற்குக் காரணமாகிறது.

2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' இவ்விடத்தில் முக்கியத்துவம் பெறுகிறது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீடு வீடாகச் சென்று அழுத்தத்தை அளந்து மாத்திரை வழங்குவதால், நடக்கும் கடமை நோயாளியிடமிருந்து அமைப்பிற்கு மாறுகிறது. அச்சுமை மறைந்துவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. பெரும்பாலும் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, ஊக்கத்தொகை பெற்றுப் பணிபுரியும் பெண்களின் மீது அது இறங்கியுள்ளது.

முடிவுரை

சர்ப்பகந்தி வேரிலிருந்து வீட்டு வாசலில் தரப்படும் மாத்திரை அட்டை வரையிலான இவ்வரலாற்றில் மூன்று கட்டங்கள் தெளிவாகின்றன: பயனுள்ள மருந்து கிடைத்தது, அது மலிவாகப் பொதுக்கிடங்கை அடைந்தது, பின்னர் கிடங்குக்கும் வீட்டுக்கும் இடையிலான தொலைவு கொள்கையின் பொருளாயிற்று. மூன்றாவது கட்டமே மிகப் பிந்தியது, எழுதப்பட்டதும் குறைவு. மருத்துவ நிலையங்களின் கைப்புத்தகங்கள், நோயாளர் அட்டைகள், தன்னார்வலர் பதிவேடுகள் ஆகியவை காலப்போக்கில் கழிக்கப்படும் இயல்புடையவை. அவற்றை வரலாற்று ஆவணங்களாகக் கருதிப் பாதுகாப்பதும், தன்னார்வலரின் வாய்மொழிகளைத் தொகுப்பதும் செஞ்சி போன்ற வட்டாரங்களில் உடனடியாக மேற்கொள்ளத்தக்க ஆய்வுப் பணிகளாகும்.