நாடியும் தமனியும்: ஒரு சொல் வரலாறு

குருதிக்குழாய்களைக் குறிக்கும் சொற்கள் தமிழில் இரு மரபுகளாக வழங்குகின்றன. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பள்ளிகளில் தமனி, சிரை, தந்துகி எனப் பயிலப்படுவனவற்றை யாழ்ப்பாணத்து மாணவர் நாடி, நாளம், மயிர்த்துளைக்குழாய் எனப் பயில்கின்றனர். அன்றியும், தமிழகத்தில் குருதிக்குழாய் அனைத்திற்கும் பொதுப்பெயராய் வழங்கும் நாளம், ஈழத்தில் சிரை ஒன்றையே சுட்டும். ஆதலின், ஒரு நாட்டு மருத்துவ நூலை மற்றொரு நாட்டார் பயிலுங்கால் மயக்கம் நேர்தல் இயல்பு. இம்மரபுகளின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

தமனியும் சிரையும் வடமொழி மருத்துவச் சொற்கள். சுசுருத சங்கிதை சிரைகள் 700 என்றும் தமனிகள் 24 என்றும் எண்ணி, இரண்டிற்கும் உந்தியை மூலமாகக் கூறும். தமனி என்பதன் வேர் ஊதுதற் பொருளது. கிரேக்க மருத்துவருட் சிலரும் இக்குழாய்கள் காற்றைக் கொண்டு செல்வன எனக் கருதினர். பிணத்தில் இவை பெரிதும் வெறுமையாய்த் தோன்றுதலே காரணம்.

குருதிச் சுழற்சியை நிறுவியவர் வில்லியம் ஹார்வி. அரைமணிப் போதில் இதயம் வெளியேற்றும் குருதி உடலிலுள்ள மொத்தக் குருதியினும் மிகுதி. ஆகவே அது சுழன்று மீளல் வேண்டும் என்று அவர் 1628-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களை மால்பிகி தவளையின் நுரையீரலிற் கண்டு 1661-இல் வெளியிட்டார்.

இப்புத்தறிவைத் தமிழ்ப்படுத்தியோருள் தலையாயவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1847-இல் இலங்கை வந்த இவர், மானிப்பாயில் தமிழ்வழியே மருத்துவம் கற்பித்தார். மனுஷ அங்காதிபாதம், மனுஷ சுகரணம் என்னும் நூற்பெயர்களில் வடசொல்லாட்சியும், கெமிஸ்தம் என்பதில் ஆங்கில ஒலிபெயர்ப்பும் காண்கிறோம். வேண்டுமிடத்து எம்மொழிச் சொல்லையும் ஏற்றுத் தமிழில் அறிவியலை நடத்தலாம் என்பதை இவர் செய்துகாட்டினார்.

இனி, இரு மரபுகளுள் எது சிறந்தது? சித்த மருத்துவர் மணிக்கட்டில் மூவிரல் வைத்து உணரும் துடிப்பு தமனியின் துடிப்பே. ஆதலின் நாடி பொருத்தமுடைய பெயர். எனினும், துடிப்பையும் அச்சொல் குறித்தலின், குழாயை மட்டும் சுட்டுதற்குத் தமனி தெளிவுடைத்து.

தூய குருதி செல்வது தமனி என்னும் இலக்கணமும் திருத்தத்தக்கது. நுரையீரற்றமனி உயிர்வளி குறைந்த குருதியையே ஏந்துகின்றது. இதயத்தினின்று செல்வது தமனி; இதயத்திற்கு மீள்வது சிரை; இவ்வளவே வரையறை. நம் மருத்துவ நூல்கள் இவ்வரையறையோடு இருநாட்டுப் பெயர்களையும் அருகருகே தருதல் வேண்டும். நோயாளியின் உடலைப் பற்றிய சொல்லில் ஐயம் நிற்றல் ஆகாது.