நத்தார்

இலங்கைத் தமிழில் கிறிஸ்து பிறப்பு விழாவைக் குறிக்கும் ‘நத்தார்’ என்னும் சொல், ‘பிறப்புக்குரியது’ எனப் பொருள்படும் லத்தீன் ‘நதாலிஸ்’ என்பதிலிருந்து கிளைத்த ‘நதால்’ என்னும் போர்த்துகீசியச் சொல்லின் தமிழ் வடிவமாகும். உயிர்களுக்கிடையே தனித்து வரும் தகரம் தமிழில் மெலிந்து ஒலிப்பதால், மூலத்தின் வல்லோசையைக் காக்க அது இரட்டித்தது; ‘சபாதோ’ என்னும் போர்த்துகீசியச் சொல் ‘சப்பாத்து’ ஆனதும் இவ்வாறே. இறுதி லகரம் ரகரமானது, பந்தல் ‘பந்தர்’ என்றும் சாம்பல் ‘சாம்பர்’ என்றும் வழங்கும் கடைப்போலியை, அதாவது பொருள் மாறாமல் ஈற்றெழுத்து மட்டும் மாறுவதை, ஒத்தது.

போர்த்துகீசியம் தமிழகத்திலும் வழங்கியது. தரங்கம்பாடியில், 1620 முதல் டேனியர் ஆட்சி நிலவியபோதிலும், போர்த்துகீசியமே பலருக்கும் பொதுமொழியாக இருந்ததால், 1706இல் வந்திறங்கிய மறைபரப்பாளர் சீகன்பால்கு தமிழோடு அம்மொழியையும் கற்றார். அங்கு இரு மொழிகளிலும் வழிபாடு நடந்தது. ஆயினும் தமிழகத்தில் நிலைபெற்றது, ‘கிறிஸ்துவின் திருப்பலி’ எனப் பொருள்படும் பழைய ஆங்கிலத் தொடரிலிருந்து வந்த ‘கிறிஸ்துமஸ்’ என்னும் சொல்லே.

1497ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு நாளையொட்டி வாஸ்கோ ட காமா தென்னாப்பிரிக்கக் கடற்கரைக்குச் சூட்டிய பெயரும் ‘நதால்’ என்பதே. 1860இல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளராகக் கப்பலேறிய தமிழர்கள் சென்றிறங்கிய ‘நேட்டால்’ அந்த நிலமே. விழாவுக்குரிய ஒரே சொல், ஈழத்தில் மகிழ்ச்சியின் பெயராகவும் புலம்பெயர்ந்தோர்க்கு உழைப்பின் பெயராகவும் தமிழர் வாழ்வில் இருமுறை கலந்துள்ளது.