தாதியர் பதிவு (ஜொகூர்)

ஜொகூரில் தாதியருக்கெனத் தனி மாநில உரிமம் இல்லை. நாடு முழுமைக்கும் ஒரே பதிவேடுதான். 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ் மலேசியத் தாதியர் வாரியம் (லெம்பாகா ஜுருராவாட் மலேசியா) அதைப் பேணுகிறது. மூன்றாண்டு டிப்ளோமாவோ நான்காண்டுப் பட்டமோ முடித்தவர், வாரியத்தின் தேர்வில் தேறினால்தான் பதிவுபெற்ற தாதி ஆவார். கல்லூரிச் சான்றிதழ் மட்டும் போதாது. பயிற்சியின் ஒரு பகுதி வார்டுகளில் கழிகிறது. ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. கற்பவருக்கு அது வாய்ப்பே.

பதிவு ஒருமுறை. பணிபுரியும் அனுமதிச் சான்றிதழை மட்டும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்விப் புள்ளிகள் தேவை.

ஜொகூருக்கே உரிய சிக்கல் எல்லையில் இருக்கிறது. 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர் தரைப்பாலத்தின் நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் மலேசியப் பதிவு மறுகரையான சிங்கப்பூரில் செல்லாது. சம்பள வேறுபாடு ஈர்க்க, சிங்கப்பூருக்குச் செல்லும் தாதியர் அந்நாட்டுத் தாதியர் வாரியத்திடம் தனியே விண்ணப்பித்து, அதன் நிபந்தனைகளை நிறைவேற்றிய பிறகே பதிவுபெற்ற தாதியாக அங்கே பணியாற்றலாம்.