பட்டாணிக் கணக்கும் லயத்துப் பருப்புச் சட்டியும்

எல்ல ஸ்டேஷனில் வண்டி நின்றதும் ஜன்னலோரம் வருவது வடைக் கூடை. வெளிநாட்டுப் பயணிகள் அதை உள்ளூர்ச் சாப்பாடு என்று போட்டோ எடுத்துப் போகிறார்கள். ஆனால் அந்த வடைக்குள் இருப்பது பட்டாணிப் பருப்பென்றாலும் கடலைப் பருப்பென்றாலும் இந்த மண்ணில் விளைந்தது இல்லை, கப்பலில் வந்தது. பக்கத்துத் தோட்டத்து லயத்தில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் மைசூர் பருப்பும் அப்படித்தான். பெயரில் மைசூர் இருக்கே தவிர, அது வருவது பெரும்பாலும் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும். ‘மசூர்’ என்ற வடஇந்தியப் பெயர்தான் நம்ம வாயில் மைசூராகிவிட்டது.

ஒரு நாடு எவ்வளவு பருப்பு சாப்பிடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு ஆண்டுதோறும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் உணவு இருப்புக் கணக்குப் போடுகிறது. விளைச்சலோடு இறக்குமதியைக் கூட்டுவார்கள். ஏற்றுமதி, விதை, கால்நடைத் தீவனம், சேதாரம் எல்லாவற்றையும் கழிப்பார்கள். மிஞ்சியதை மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு இத்தனை கிராம் என்று வரும். பட்டாணிக்குத் தனி நிரல் இருக்கு. மைசூர் பருப்பு, கடலை, கௌபீ எல்லாம் ‘ஏனைய பருப்புகள்’ என்ற நிரலுக்குள் போய்விடும். பயனுள்ள கணக்குத்தான். ஆனால் கொழும்பில் ஒருவர் இரண்டு கரண்டி சாப்பிட்டு, நமுனுகுலயில் ஒருவர் வெறும் சம்பலோடு எழுந்தால், இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கரண்டி சாப்பிட்டதாகத்தான் அது காட்டும்.

ஊவாத் தோட்டங்களின் வரலாற்றைப் பார்த்தால் இந்தச் சராசரி எதை மறைக்கிறது என்று புரியும்.

பட்டாணிக்கும் மைசூர் பருப்புக்கும் குளிர் வேண்டும். இலங்கையில் குளிரான நிலம் மலையில்தான் இருக்கு. அந்த மலையை வெள்ளைக்காரத் துரைமார் முதலில் கோப்பிக்கும், பிறகு தேயிலைக்கும் எடுத்துக்கொண்டார்கள். அங்கே வேலை செய்யக் கொண்டுவரப்பட்ட நம்ம முன்னோர்களுக்குச் சோறு எங்கிருந்து வந்தது? அரிசி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தது. தோட்ட நிர்வாகமே அதை இறக்கிக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்தது. 1924இல் ரயில் பாதை பதுளை வரைக்கும் நீண்டபோது, கீழே போனது தேயிலை, மேலே வந்தது சாப்பாடு. ஏற்றுமதிக்கு விளைவித்து, இறக்குமதியைச் சாப்பிடுகிற ஒரு சமூகம் அப்படித்தான் உருவானது.

1942இல் பர்மா ஜப்பானிடம் விழுந்ததும் அரிசி நின்றது. பங்கீடு வந்தது, கூடவே கோதுமை மா வந்தது. லயத்து அடுப்பில் ரொட்டி நிரந்தரமானது. மா வயிற்றை நிரப்பும். ஆனால் மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கிற உடம்புக்குப் புரதம் வேண்டுமே. மீன், இறைச்சி, முட்டை எட்டாத வீட்டில் அதைக் கொடுப்பது பருப்புத்தான்.

1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் உள்ளூர் விவசாயத்தைத் தூக்கி நிறுத்த மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு போன்றவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்தில் மிளகாயும் வெங்காயமும் செய்தவர்கள் நிமிர்ந்தார்கள். இங்கே வெலிமடையில் உருளைக்கிழங்கு போட்ட கிராமத்தவர்களுக்கும் நல்ல காலம். நிலம் வைத்திருந்தவருக்கு அந்தத் தடை வருமானமானது. நிலம் இல்லாதவருக்கு அது விலையேற்றம் மட்டும்தான்.

தோட்டத் தொழிலாளியிடம் நிலம் ஏது? 1948 பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஆட்களை எண்ணிக்கையாகப் பங்கு பிரித்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்குப் போயின, தொழிலாளிக்குக் காணி வரவில்லை. இதற்கிடையில் 1973இல் உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் எகிறின, பங்கீடு வெட்டப்பட்டது. இன்றும் பெரியவர்கள் ‘சிறிமா காலத்துப் பஞ்சம்’ என்று சொல்வது இதைத்தான். 1974இல் நாடு முழுக்க இறப்பு வீதம் ஏறியது. அந்த ஏற்றம் மிகக் கடுமையாக இருந்தது தோட்டங்களில்தான். பசி தாங்காமல் பல குடும்பங்கள் வன்னிக்குப் போய்க் காடு வெட்டினார்கள். உளுந்துக்குப் பேர்போன வவுனியாப் பக்கம் அவர்களில் பலர் விவசாயிகளானார்கள். சோம்பலால் பட்டினி கிடந்தவர்கள் இல்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது, பருப்பு மூட்டைகளும் வந்தன. அதே எழுபதுகளில்தான் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாண விவசாயிகள் மைசூர் பருப்பைப் பயிரிடத் தொடங்கியிருந்தார்கள். பின்னாளில் பட்டாணியிலும் மைசூர் பருப்பிலும் கனடா உலகின் முன்னணி ஏற்றுமதி நாடானது. மலிவான புரதம் லயத்துக்குக் கிடைத்தது உண்மை. அதன் விலையை இனி டொலர் தீர்மானிக்கும் என்பதும் உண்மை.

அந்த இரண்டாவது உண்மை 2022இல் அடித்தது. 2020 மார்ச்சில் அரசாங்கம் மைசூர் பருப்புக்குக் கிலோ 65 ரூபாய் என்று உச்ச விலை போட்டது. அன்றைய அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாயில் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. ஆனால் அந்த விலைக்குப் பல கடைகளில் பருப்பே கிடைக்கவில்லை. அதே ஆண்டில் பயறு, கௌபீ, உளுந்து இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 2021இல் இரசாயன உரத் தடை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு கிலோ மைசூர் பருப்பு 500 ரூபாயைத் தாண்டிவிட்டது. நாட்சம்பளம் 1,000 ரூபாய், அதுவும் சொன்ன கிலோ கொழுந்து பறித்தால்தான். அரை நாள் கூலிக்குமேல் ஒரு கிலோ பருப்புக்கே போனால், வீட்டில் எதைக் குறைப்பார்கள்? பருப்பைத்தான். சட்டியில் தண்ணீர் கூடும்.

நெருக்கடிக்கு முன்பே நிலைமை நல்லா இருக்கவில்லை. 2016இன் தேசியச் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் ஏறக்குறைய 17 வீதம். தோட்டத் துறையில் 32 வீதம். இதற்குப் பருப்பு மட்டும் காரணம் இல்லை. தண்ணீர், கழிப்பறை, தாயின் உடல்நிலை எல்லாம் சேர்ந்துதான். ஆனாலும் சராசரிக் கணக்குக்குள் மறைந்திருந்தவர்கள் யார் என்பதை இந்த 32 காட்டுகிறது.

“இறக்குமதியை நிறுத்து, உள்ளூரில் விளைவி” என்று ஒரு பக்கம். “சந்தையைத் திற, மலிவாக வாங்கு” என்று மறுபக்கம். ஐம்பது ஆண்டுகளாக இந்த விவாதம் ஓடுது. இரண்டையும் நம்ம மக்கள் அனுபவித்தாகிவிட்டது. தடை வந்தால் விளைவிக்கக் காணி இல்லை. சந்தை திறந்தால், விலை ஏறும்போது வாங்கச் சம்பளம் இல்லை.

எல்லவிலிருந்து இராவணா எல்ல நீர்வீழ்ச்சியைத் தாண்டி வெல்லவாய இறங்கினால், ஊவாவின் இன்னொரு பாதியான மொனராகலையில் பயறும் கௌபீயும் விளைகின்றன. ஆக, மாகாணத்தில் பயறு விளையாமல் இல்லை. மேலே லயத்தில் இருப்பவருக்கு அதை வாங்கும் கூலியும் இல்லை, வாசலில் நாலு பாத்தி போடும் உரிமையும் உறுதியாக இல்லை. முன்பு வீடு கட்டக் கொடுப்பதாகச் சொல்லப்பட்ட 7 பேர்ச்சில் வீடு போக எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

அதனால்தான் மலையகத்தின் காணி உரிமையையும் சம்பளத்தையும் நாங்கள் சாப்பாட்டுப் பிரச்சினையாகவும் பார்க்கிறோம். அடுத்த முறை நாட்டின் உணவு நிலைமை என்று யாராவது ஒரு சராசரியை நீட்டினால், தோட்டத்துக் கணக்கைத் தனியாகக் கேட்போம்.