பார்பிக்யூவுக்கு எந்தக் கத்தி நல்லது? மாதேஸ்வரன் மலைப் பயணத்தில் அதைக் கொண்டு போகலாமா?

வார இறுதியில் மாதேஸ்வரன் மலைப் பக்கம் போய்த் தங்கி, பார்பிக்யூ போடத் திட்டமா? கரி, கம்பி, மசாலா எல்லாவற்றையும் யோசித்து வாங்குவோம். கத்தி மட்டும் 'வீட்ல இருக்கிறதே போதும்' என்று கடைசி நிமிடத்தில் பைக்குள் போகும். ஆனால் கறி ஒரே சீராக வேகுமா என்பதைக் கத்திதான் முடிவு செய்கிறது. இந்த வழியில் போகிறவர்களுக்கு ஒரு சட்டச் சிக்கலும் இருக்கிறது.

எத்தனை கத்தி வேண்டும்?

இரண்டு போதும். எலும்பிலிருந்து கறியைப் பிரிக்க, கொழுப்பை நீக்க, மீனைக் கீற 15 செ.மீ. நீளமுள்ள மெல்லிய கத்தி ஒன்று. முழுக் கோழி, ஆட்டுத்தொடை போன்றவற்றைச் சுட்ட பிறகு சீவ, 25 முதல் 30 செ.மீ. நீளக் கத்தி ஒன்று. துண்டுகளாக மட்டுமே சுடுவீர்கள் என்றால் இரண்டாவது தேவையில்லை. எலும்பை வெட்டும் வேலையைக் கறிக்கடையிலேயே முடித்துவிடுங்கள். மெல்லிய கத்தியால் எலும்பைக் கொத்தினால் முனை உடைந்துவிடும்.

கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ்ஸா?

லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடித்துத் தரும் கத்தி கார்பன் ஸ்டீல் வகை. சீக்கிரம் கூராகும். ஆனால் நம் மசாலாவில் தயிரும் எலுமிச்சையும் உண்டு. புளிப்பு பட்டால் கறுக்கும், ஈரத்தோடு விட்டால் துருப்பிடிக்கும். உடனே கழுவித் துடைத்து எண்ணெய் தடவ முடியாதவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் நல்லது. அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும்.

பெட்டியில் 'எச்.ஆர்.சி.' என்று இருந்தால், அது கடினத்தன்மையைக் குறிக்கும் எண். 56 முதல் 58 வரை வீட்டுக்குச் சரி. 60-க்கு மேல் போனால் கூர் நீண்ட நாள் நிற்கும். ஆனால் சாணை பிடிப்பது கஷ்டம், தவறிக் கீழே விழுந்தால் விளிம்பு பெயரும்.

கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

இரும்பு கைப்பிடியின் கடைசி வரை போகிறதா என்று பாருங்கள். எண்ணெய்க் கையிலும் வழுக்காத பிடி வேண்டும். கூர் இருக்கான்னு பார்க்கத் தக்காளி போதும்: அழுத்தாமலே தோல் அறுபட வேண்டும். மழுங்கிய கத்திதான் அதிகம் ஆபத்து. அழுத்தி வெட்டும்போது நழுவிக் கையைப் பதம் பார்க்கும்.

பச்சைக் கறி வெட்டிய கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெந்த கறியில் வைக்காதீர்கள். கோழியின் உள்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். பெரிய துண்டாகச் சுட்டால் 10 நிமிடம் ஆறவிட்டு, இழைக்குக் குறுக்கே சீவுங்கள், மென்மையாக இருக்கும்.

மலைக்குக் கொண்டு போகலாமா?

மாதேஸ்வரன் மலை, 1997-ல் மைசூரு மாவட்டத்திலிருந்து பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள காடு 2013-ல் வனவிலங்கு சரணாலயமானது. பரப்பு சுமார் 900 சதுர கி.மீ. மேட்டூர், பாலாறு வழியாகப் போகும் சாலை இந்தக் காட்டுக்குள்தான் ஏறுகிறது.

ஆயுதச் சட்ட விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமான கத்திகளைக் கட்டுப்படுத்தினாலும், வீட்டு உபயோகக் கத்திக்கு விலக்கு தருகின்றன. 'சமையல் கத்திதானே' என்று பலர் நினைப்பது இதனால்தான். ஆனால் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. அதில் 'ஆயுதம்' என்பதன் விளக்கத்திலேயே கத்தியும் இருக்கிறது. எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது 31-வது பிரிவு. சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதையும், எரியும் தீயை அப்படியே விட்டுச் செல்வதையும் 30-வது பிரிவு தடை செய்கிறது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அப்படியானால் என்ன செய்வது?

வெட்டுகிற வேலையை வீட்டிலேயே முடியுங்கள். கறியை 3-4 செ.மீ. அளவில் ஒரே மாதிரித் துண்டு போட்டு, மசாலா தடவி, ஐஸ் பெட்டியில் 5 டிகிரிக்குள் வைத்து எடுத்துப் போங்கள். தங்குமிடத்தில் அனுமதித்த இடத்தில் மட்டும் அடுப்பு மூட்டுங்கள். கம்பியில் கோத்துச் சுட்டால் சாப்பிடும்போது கத்தியே வேண்டாம். நல்ல கத்தி வாங்குங்க. ஆனா அது வீட்டிலேயே இருக்கட்டும்.